பல் போன குறடு

ஷாக் அக்கா என்றால்தான் அவளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் காணாமல் போய்விட்டதால், அந்தப் பெயருக்கும் வேலை இல்லாமல் போயிற்று. காருக்கு அடியில் சக்கரத்துக்குச் சக்கரம் நின்று குலுக்கலைத் தாங்குகிற ஷாக் அப்சர்வர்தான் அவளுக்குச் சோறு போட்டது. வேறு எதையும் தொடமாட்டாள். எஞ்சினில் ஏதோ சத்தம் வருகிறது என்று யாராவது வந்து நின்றால், "எனக்கு வண்டியோட காலுதான் தெரியும், வயித்துக்கு வேற டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிடுவாள்.

நெடுஞ்சாலையை ஒட்டித் தகரக் கூரை போட்ட பட்டறை. இரண்டு வண்டி நிற்கிற இடம், சுவரோரம் நீளமான வேலை மேசை, மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி. பின்பக்கக் கதவைத் திறந்தால் வீடு. அந்த நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருப்பாள். போன் எடுப்பது, வருகிறவர்களை வம்புக்கிழுப்பது, மருமகள் சாப்பிடப் போகிற மத்தியான நேரத்தில் பட்டறையைப் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் மாமியாரின் இலாகா. இடுப்பு வலிக்காரி. எழுந்து நிற்பதற்கு முன் மேசையைப் பிடித்து நாலு முனகல் முனகுவாள். வாய்க்கு மட்டும் எந்த வலியும் கிடையாது.

"என்ன சார், வண்டி இப்படி ஒரு பக்கமா சாஞ்சு வருது? நேத்து விருந்தா?" என்பாள் வருகிறவரிடம்.

ஷாக் அக்காவின் வேலைமுறையை ஊரே வேடிக்கை பார்க்கும். வண்டி வந்ததும் பானெட்டைத் திறக்கமாட்டாள். கம்பி, ஸ்பானர் எதையும் எடுக்கமாட்டாள். ஒவ்வொரு மூலையாகப் போய் இரண்டு கையையும் வைத்து, உடம்புப் பாரத்தை எல்லாம் கொடுத்து ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுவாள். நல்ல ஷாக் என்றால் வண்டி ஒரு தடவை எழும்பி, அப்படியே அடங்கி நின்றுவிடும். கெட்டுப்போனதென்றால் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு டயரைத் தடவிப் பார்ப்பாள். அலை அலையாகத் தேய்ந்திருந்தால் உதட்டைப் பிதுக்குவாள். கடைசியில்தான் குனிந்து, ஷாக்கின் உடம்பைத் துணியால் துடைத்துப் பார்ப்பாள். எண்ணெய் கசிந்து, அதில் தூசி ஒட்டி, கருப்பாகக் களிம்பு மாதிரி வந்தால், "இது அழுதுகிட்டிருக்கு, மாத்தணும்" என்று தீர்ப்பு.

மாற்றும்போதும் அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்றுவாள். புது ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் மேசையில் வைத்துப் பூட்டிவிட்டு, சாப்பிடப் போவாள். சாப்பிட்டு வந்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவாள். கடைசி போல்ட்டுகளை, வண்டி அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கவே மாட்டாள். வண்டியைத் தரையில் இறக்கி, அதில் வழக்கமாகப் போகிறவர்களை எல்லாம் அவரவர் இடத்தில் உட்காரவைத்து, அந்தப் பாரத்தில்தான் இறுக்குவாள். தொங்கும்போது இறுக்கினால் உள்ளே இருக்கிற ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். அதனால் அவள் பட்டறையில் குடும்பம் குடும்பமாகக் காருக்குள் உட்கார்ந்து, எங்கேயும் போகாமல் முழித்துக்கொண்டிருப்பார்கள். "மாமா எங்க? அவரு எங்க உக்காருவாரு? கூட்டிட்டு வாங்க, அவரு இல்லாம இறுக்கமாட்டேன்" என்று அடம்பிடிப்பாள்.

இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவன் அவள் புருஷன்தான். ஆனால் அவனே இந்தச் சட்டம் எதையும் மதிக்கமாட்டான். சரியான அவசரக்குடுக்கை. அவனை அவள் 'குடுக்கை' என்றே கூப்பிடுவாள். ஷாக்கின் நடுவே மேலும் கீழும் போய்வருகிற கம்பி கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும். அதில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. விழுந்தால், வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் கீறல் எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் வளையத்தை அறுத்து அறுத்து, கொஞ்ச நாளில் கசிவு தொடங்கிவிடும். மேல் நட்டை இறுக்கும்போது கம்பியும் கூடவே சுற்றும். கம்பியின் தலையில் அதற்கென்று இருக்கிற குழியில் சாவியைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். குடுக்கைக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? இடுப்பில் தோல் உறையில் தொங்குகிற குறடை உருவி, பளபளக்கிற கம்பியையே கவ்விப் பிடித்து, ஒரே இழுப்பில் வேலையை முடித்துவிடுவான்.

"கம்பியைக் கடிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று அவள் கத்துவாள்.

"ஒரு சின்னக் கடிதானே, ஆசைக்கடின்னு வச்சுக்கோ" என்று சிரிப்பான்.

அந்தக் குறடுக்கு ஒரு பல் கிடையாது. கல்யாணமான புதிதில், துருப்பிடித்த ஆணி ஒன்றோடு மல்லுக்கட்டியபோது முன்பல் ஒன்று தெறித்துப் போயிற்று. "உன் குறடுக்குப் பால்பல் விழுந்துடுச்சு, கூரை மேல போடு" என்று அவள் கேலி செய்தாள். அதற்குப் பிறகு அவன் கடித்த கம்பியிலெல்லாம் வரிசையாகப் பல் தடம் இருக்கும், நடுவே ஓர் இடம் மட்டும் வழுவழுவென்று இருக்கும். கையெழுத்தைக்கூட மாற்றிப் போடலாம், அந்தத் தடத்தை மாற்ற முடியாது.

அவன் போன கதையைச் சொல்ல அதிகம் இல்லை. வேலை முடிந்த ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான். "போயிட்டு வா" என்றாள் இவள். "டீக்குத் தண்ணி வை, அது கொதிக்கறதுக்குள்ள வந்துடறேன்" என்றான். வாய்க்கால் ரோட்டில் வண்டி நின்றிருந்தது. கதவு திறந்திருந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது. கரையில், அவன் கை கழுவ எப்போதும் கொண்டுபோகிற சோப்புத் துண்டு கிடந்தது. ஆளைக் காணோம். நாள்கணக்கில் வாய்க்காலைத் துழாவினார்கள், எதுவும் கிடைக்கவில்லை. ஊருக்கு வாய் சும்மா இருக்குமா? தண்ணி இழுத்துப் போய்விட்டது என்றார்கள். இல்லை, வேறு எவளோடோ போய்விட்டான் என்றார்கள். அங்கே பார்த்தோம், இங்கே பார்த்தோம் என்று யார் என்ன சொன்னாலும் ஷாக் அக்கா போட்டோவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். மாமியார் டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். "பாத்துப் போயிட்டு வா கண்ணு, அங்கதான் இருப்பான்" என்று வாசல்வரை வந்து அனுப்புவாள். வருஷங்கள் இப்படியே போயின. அலைந்து அலைந்து கால் ஓய்ந்தது, ஆசை மட்டும் ஓயவில்லை.

பட்டறைக்கென்று ஒரு பழைய கார் உண்டு. மருமகள் ஓட்டுவாள், மாமியார் எப்போதும் பின்னால்தான் உட்காருவாள். பக்கத்து இருக்கை காலியாகவே கிடக்கும். "முன்னாடி வாங்களேன் அத்தை, பேச்சுத் துணைக்காவது ஆகும்" என்றால், "அது உன் இடம். நாளைக்கு அவன் வந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சா நீ எங்க உக்காருவே?" என்பாள். இதைக் கேட்டு ஷாக் அக்கா எத்தனையோ தடவை கண் கலங்கியிருக்கிறாள். இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் லேத்துக்காரர் வாயைத் திறந்தார். இரண்டு கடை தள்ளி, இரும்பு கடைகிற லேத்து வைத்திருக்கிற மனிதர். மனைவி போய்ச் சேர்ந்து நெடுநாள் ஆகிவிட்டது. அளந்துதான் பேசுவார், இரும்பை அளக்கிற மாதிரி. ஒரு நாள் புஷ் என்கிற இரும்பு வளையம் ஒன்றைக் கடைந்து கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "உங்களுக்குச் சம்மதம்னா சேர்ந்து இருக்கலாம். இல்லேன்னாலும் புஷ் கடைஞ்சு தர்றது நிக்காது" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். மாமியார் நாற்காலியில் இருந்தாள். காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஷாக் அக்காவுக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது, பிடித்திருந்தது. ஆனால் அவன் இருக்கிறானா, போய்விட்டானா? அது தெரியாமல் எந்தப் பக்கம் காலை வைப்பது? "கொஞ்சம் பொறுத்துக்குங்க, என் மனசுக்கு அவரு இல்லேன்னு உறுதியா தெரிஞ்சாகணும்" என்று லேத்துக்காரரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

அது நடந்து சில வாரங்கள் கழித்து மருந்துக்கடைக்காரரின் கார் திரும்பி வந்தது.

கொஞ்ச நாளைக்கு முன்புதான் அவள் முன்பக்கம் இரண்டு ஷாக்கும் மாற்றியிருந்தாள். அமுக்கினாள். வண்டியின் மூக்கு ஆடிக்கொண்டே இருந்தது. துணியை வைத்துத் துடைத்தாள், கருப்புக் களிம்பு. "என்னக்கா இது, உங்க கை பட்டுமா?" என்று மருந்துக்கடைக்காரர் சிரித்தார். அவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கழற்றினாள். கம்பியைத் தூசியிலிருந்து காக்கிற ரப்பர் உறையை மேலே தூக்கினாள்.

பளபளக்கிற கம்பியில் ஒரு கடி. வரிசையாகப் பற்கள். நடுவே ஓர் இடம் மட்டும் வழுவழுவென்று.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூட்டும்போது அந்தக் கம்பியை அவளே துடைத்தாள், நகத்தால் நீவிப் பார்த்தாள், ஒரு பொட்டுக் கீறல் இல்லை. "வேற எங்கயாவது கழட்டுனீங்களா?" என்று கேட்டாள். "உங்களைத் தவிர வேற யாரு தொட்டா?" என்றார் அவர்.

மாமியார் எழுந்து, முனகி முனகி வந்து, குனிந்து பார்த்தாள். நெஞ்சில் கை வைத்தாள்.

"என் புள்ள கடிச்ச கடி" என்றாள். "வந்துட்டுப் போயிருக்கான்."

"எப்படி அத்தை? யாருக்கும் தெரியாமயா?"

"நான் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். மத்தியானத்துல கண்ணசர்றப்போ சத்தம் கேக்குது கண்ணு. யாரோ வண்டியை அமுக்கற மாதிரி. முழிச்சுப் பாத்தா ஒருத்தரும் இல்லை."

ஷாக் அக்கா திரும்பி வேலை மேசையைப் பார்த்தாள்.

அடுத்து ஒரு டீச்சரின் கார். அதற்கடுத்து இன்னொன்று. எல்லாம் அவள் கையால் மாற்றியவை, எல்லாவற்றிலும் அதே கடி, அதே இடைவெளி. பட்டறையின் பெயர் கெடத் தொடங்கியது. ஆனால் அவளுக்கு அந்தக் கவலை எங்கே இருந்தது? பயமும் ஆசையும் சேர்ந்து அவளைப் பிழிந்தன. ஒரு வேளை பக்கத்திலேயே எங்காவது இருக்கிறானோ? புத்தி பேதலித்துத் திரிகிறானோ? இல்லை... அந்த 'இல்லை'க்கு மேல் நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பட்டப்பகலில், வெளியே லாரிகள் போய்க்கொண்டிருக்கும்போது, அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நிற்கவே பயமாக இருந்தது. மேசைக்கு முதுகைக் காட்டி வேலை செய்வதை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்தாள். டீச்சரின் கார் கடிபட்டுக் கசிகிற ஷாக்கோடு நின்றிருந்தது, புதிது மாற்றுவதற்காக. பட்டறையில் ஈ காக்கை இல்லை. மாமியார் நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கார் ஆடிக்கொண்டிருந்தது. மூக்கு தாழ்ந்து, எழுந்து, தாழ்ந்து, எழுந்து, யாரோ இப்போதுதான் அமுக்கிவிட்டுக் கையை எடுத்த மாதிரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் சிறுத்துச் சிறுத்து நின்றது.

"குடுக்கை..." என்றாள், காலியாகக் கிடந்த பட்டறையைப் பார்த்து. கூரைத் தகரம் வெயிலில் டக்கென்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான்.

அன்றைக்கே போய் லேத்துக்காரரிடம் சொல்லிவிட்டாள். "என்னை மறந்துடுங்க. அவரு இருக்காரு."

"பாத்தீங்களா?"

"பாக்கலை. ஆனா இருக்காரு."

லேத்துக்காரர் மெஷினை நிறுத்தினார். நம்புகிறேன் என்றோ, பைத்தியமா என்றோ சொல்லவில்லை. "சந்தோஷம்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வண்டிங்க ரோட்டுல போகுது. அது மேல குழந்தைங்க உக்காந்து போகுது. கடிக்கறது யாரா இருந்தாலும் முதல்ல கண்டுபிடிச்சாகணும்" என்றார்.

சுருக்கென்றது. எத்தனையோ நாளாகக் கசிகிற ஷாக்கைக் கண்டுபிடித்துக் கொடுப்பவள், தன் பட்டறையின் கசிவை இன்னும் ஒழுங்காகத் துடைத்துக்கூடப் பார்க்கவில்லையே! பேய் பிசாசு என்று மிரண்டு நின்றதில் புத்தி மழுங்கிப்போயிருந்தது. அன்று அவள் வண்டியைப் பார்ப்பது போலவே பட்டறையைப் பார்த்தாள். பூட்டும்போது கம்பி சுத்தம். வண்டியில் ஏற்றிய பிறகு குறடு நுழைய இடமே இல்லை. அப்படியானால் கடி விழுவது நடுவில்தான். பூட்டி மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற அந்த மத்தியான நேரத்தில்.

லேத்துக்காரரிடம் நீல மை இருந்தது. இரண்டு இரும்பு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கத் தடவுகிற மை. தொட்டால் லேசில் போகாது. சோப்புப் போட்டாலும் நாலு நாளைக்கு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் புது ஷாக்கைப் பூட்டியதும், யாரும் பார்க்காதபோது, ரப்பர் உறையின் உள்விளிம்பில் மையைத் தடவினாள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உறையைத் தூக்கினால் விரலில் ஒட்டாமல் போகாது.

"நான் சாப்பிட்டு வர்றேன் அத்தை."

"நிதானமா சாப்பிடு கண்ணு. நான் இருக்கேன்."

தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மேசையில் நீலக் கைத்தடம் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவன் விரல் நீளம் அவளுக்குத் தெரியும். பேயாக இருந்தாலும் பரவாயில்லை, வந்திருந்தால் போதும். இதைவிட எப்படி ஒருத்தி ஆசைப்பட முடியும்? கை கழுவிவிட்டு, கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பட்டறையில் சத்தம் ஏதும் இல்லை. திறந்தாள்.

மேசையில் கைத்தடம் இல்லை. ஷாக் வைத்த இடத்திலேயே இருந்தது. மாமியார் நாற்காலியில் இருந்தபடி செம்பில் தண்ணீர் நீட்டினாள். "வேர்த்துக் கொட்டுதே, இந்தா குடி."

செம்பைப் பிடித்திருந்த கட்டைவிரல் நீலமாக இருந்தது. நெற்றியிலும் ஒரு நீலக் கோடு, வியர்வையைத் துடைத்த இடத்தில். மாமியாருக்குத் தெரியவே இல்லை. சிரித்த முகமாக நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஷாக் அக்கா செம்பை வாங்கவில்லை. ஷாக்கின் உறையைத் தூக்கிப் பார்த்தாள். புதுக்கடி, பளபளவென்று. திரும்பி அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமியாரும் குனிந்து தன் விரலைப் பார்த்தாள். சேலையில் துடைத்தாள். போகவில்லை. மறுபடியும் துடைத்தாள்.

"எடு" என்றாள் மருமகள். இத்தனை வருஷத்தில் மாமியாரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

மாமியார் உட்கார்ந்திருந்த மெத்தைக்கு அடியில் கையை விட்டு எடுத்தாள். தோல் உறை. தண்ணீரில் ஊறிக் காய்ந்து முறுகிப்போன உறை. அதில் அவன் சூட்டுக்கம்பியால் எழுதிய பட்டறையின் போன் நம்பர் இன்னும் தெரிந்தது. உள்ளே குறடு. துரு ஏறி, ஒரு பல் இல்லாமல்.

"இது அவரு இடுப்புல இருந்தது. எப்படி உன்கிட்ட வந்துச்சு?"

மாமியார் உறையை மடியில் வைத்துத் தடவினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"நீ அவனைத் தேடி வெளியூர் போயிருந்தே. மதகுக்காரர் ஒருத்தர் வந்தாரு. வாய்க்கால் கடைசியில, அடுத்த ஊர் மதகுல மாட்டிக்கிட்டிருந்துச்சாம். யாருன்னு தெரியாம அங்கயே புதைச்சுட்டாங்களாம். இதுல நம்பர் இருந்ததைப் பின்னாடி பாத்துட்டு எடுத்துட்டு வந்தாரு."

"எப்போ?"

"அவன் போன அந்த வருஷமே."

மருமகள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வருஷமேவா? அப்புறம் நான் போட்டோவைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா நாயா அலைஞ்சேனே! அங்க இருக்கான், இங்க இருக்கான்னு ஓடினேனே! நீதானே டப்பால சாப்பாடு கட்டிக் குடுத்தே! நீதானே வாசல்ல நின்னு அனுப்பி வச்சே! எப்படி மனசு வந்துச்சு உனக்கு?"

"வாயால சொன்னா அவன் செத்துடுவான்னு இருந்துச்சு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... அப்புறம் எப்படிச் சொல்றது? நீ திட்டமாட்டியா? அப்புறம் அந்த லேத்துக்காரர் வந்து கேட்டாரு. நீ போயிட்டா நான் யாரோட இருப்பேன்? அவன் இருக்கான்னு நினைச்சா நீ இருப்பே. அதான் கடிச்சேன்." மாமியார் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள். சேலை முழுக்க நீலம் அப்பியது.

அப்போதுதான் ஷாக் அக்கா அழுதாள். எத்தனையோ வருஷமாகத் தள்ளிப்போட்ட அழுகை. காருக்கு அடியில் படுக்கிற பலகையில் குப்புற விழுந்து, புருஷனை இழந்த பெண்டாட்டி அழுகிற அழுகையை அன்றைக்குத்தான் அழுது தீர்த்தாள். மாமியார் பக்கத்தில் வரத் துணியவில்லை.

எழுந்து முகம் கழுவினாள். போனை எடுத்து, கடிபட்டிருக்கக்கூடிய வண்டிக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, "தப்பு என் பட்டறை மேல, உடனே கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்" என்று சொன்னாள். கடைசிப் போனை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னைக்கு டீச்சர் வண்டியையும் நீதான் அமுக்கி ஆட்டிவிட்டியா?"

மாமியார் முகத்திலிருந்து சேலையை எடுத்தாள். "கடிச்சது நான்தான். அந்தப் பாவம் எனக்குத்தான். ஆனா வண்டியை நான் அமுக்கலை. எந்திரிக்கவே நாலு முனகல் முனகுறவ, குனிஞ்சு வண்டியை அமுக்குவேனா? சத்தம் கேட்டதுன்னு சொன்னேனே, அதுவும் பொய் இல்லை கண்ணு."

ஷாக் அக்கா டீச்சரின் கார் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே ஒரு லாரி போயிற்று.

கடிபட்ட வண்டிகளை எல்லாம் சரி செய்து முடிக்கும்வரை மருமகள் மாமியாரோடு பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. கடைசியாக, பட்டறையின் சொந்தக் காரை உள்ளே ஏற்றினாள். முன்பக்கம் புது ஷாக் இரண்டும் மாட்டினாள். தரையில் இறக்கிவிட்டு, லேத்துக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"மதகுக்குப் போகணும். அவரைப் புதைச்ச இடத்தைப் பாக்கணும்" என்றாள் அவரிடம். "நீங்க ஓட்டுங்க. இனிமே நீங்களே ஓட்டுங்க."

அளந்து பேசுகிற மனிதருக்கு அதன் அர்த்தம் புரியாமல் போகுமா? ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு ஏறி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். மாமியார் வழக்கம் போலப் பின்கதவைத் திறக்கப் போனாள்.

"அத்தை" என்றாள் மருமகள். பல நாள் கழித்து வந்த வார்த்தை. "முன்னாடி ஏறுங்க."

"அது உன் இடம்மா..."

"என் இடம் எதுன்னு நான் பாத்துக்கறேன். உங்களை நான் மன்னிக்கலை, மன்னிப்பேனான்னும் தெரியலை. ஆனா விட்டுட்டு எங்கயும் போயிடமாட்டேன். ஏறுங்க, நீங்க உக்காந்தாத்தான் இறுக்க முடியும்."

மாமியார் மேசையைப் பிடித்து, கதவைப் பிடித்து, முனகிக்கொண்டே முன்னிருக்கையில் ஏறினாள். வண்டி அவள் பாரத்துக்குக் கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது. ஷாக் அக்கா அடியில் படுத்து, கடைசி போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். அமுக்கிப் பார்க்க வேண்டும். முன் மூலைக்குப் போய்க் கைகளை நீட்டினாள்.

கை படுவதற்கு முன்பே வண்டியின் மூக்கு நன்றாகத் தாழ்ந்தது. எழுந்தது. அப்படியே அடங்கி நின்றுவிட்டது. ஒரே ஒரு தடவை.

"நீங்க அசைஞ்சீங்களா?" என்றாள், கண்ணாடி வழியாக.

லேத்துக்காரர் இல்லை என்று தலையாட்டினார். அவர் இரண்டு கையும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தன.

ஷாக் அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நின்றாள். ஓடத் தோன்றவில்லை. அந்த மூலைக்கு எதிரே, ஆள் நிற்கிற உயரத்துக்குக் கண்ணை உயர்த்திப் பார்த்தாள்.

"பாத்துட்டியா குடுக்கை? ஆடலை, கசியலை. கம்பியை நான் கடிக்கலை" என்றாள். அன்றைக்கு அவன் கிளம்பும்போது சொன்ன 'போயிட்டு வா' ஞாபகம் வந்தது. அந்த வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. அவள் விழுங்கிக்கொண்டாள்.

"போ" என்றாள். "நிம்மதியா போ."

கதவைத் திறந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "எடுங்க" என்றாள் லேத்துக்காரரிடம். வண்டி பட்டறை வாசல் மேட்டில் ஏறி இறங்கி, வாய்க்கால் ரோட்டுப் பக்கம் திரும்பியது.